கொழுப்பு மாத்திரை: யாருக்குத் தேவை, எப்படித் தொடங்குவது, ஏன் விடக்கூடாது

பெங்களூரு அல்சூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை மாத்திரையைப் பாதியில் விடுகிறவர்கள் உண்டு, பிரஷர் மாத்திரையை விடுகிறவர்களும் உண்டு. ஆனால் கொழுப்பு மாத்திரையை விடுகிற அளவுக்கு வேறு எதையும் மக்கள் விடுவதில்லை. நாற்பது, ஐம்பது வயது ஆண்கள்தான் இதில் அதிகம். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ரிப்போர்ட் நார்மலுக்கு வந்துடுச்சு தம்பி, அப்புறம் எதுக்கு?"

நார்மலுக்கு வந்தது மாத்திரையால்தான். கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக யாரும் கண்ணாடியைக் கழற்றி வைப்பதில்லை. இந்த மாத்திரையும் அப்படித்தான். நிறுத்திய சில வாரங்களில் கொழுப்பு பழைய இடத்துக்கே போய்விடும். வலி, மயக்கம் எதுவும் இருக்காது, அதனால் அது திரும்பி வந்ததே தெரியாது.

மாத்திரையை எழுதுவதும் மாற்றுவதும் டாக்டரின் வேலை. அவர் எதிரில் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும், வீட்டுக்கு வந்தபின் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

நம்மவர்களுக்கு மாரடைப்பு ஏன் இத்தனை சீக்கிரம்?

2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் இறந்தபோது இந்த ஊரே ஆடிப்போனது. அடுத்த நாட்களில் ஜெயதேவா இருதய மருத்துவமனையில் செக்கப்புக்குக் கூட்டம் அலைமோதியது. அவருக்கு என்ன காரணம் என்பதற்குள் நான் போகவில்லை. நாற்பதுகளில் இருக்கிற ஆண்கள் தங்கள் இதயத்தைப் பற்றி யோசித்த வாரங்கள் அவை. அந்தப் பயம் சில மாதங்களில் கரைந்துபோனதுதான் எனக்கு வருத்தம்.

2004-இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் நடந்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்றவர்களுக்கு 59 வயதில் வருகிறது என்று அதில் தெரிந்தது. வயிற்றுக்கொழுப்பு, சர்க்கரை, நல்ல கொழுப்பு குறைவு, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக்கொழுப்பு அதிகம் என்ற கூட்டணி நம்மிடம் சீக்கிரமே சேர்ந்துவிடுகிறது. ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் இரவு ஷிப்ட், உட்கார்ந்தே வேலை, போகவர இரண்டிரண்டு மணி நேர டிராபிக் என்று வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதல் படி: ரிப்போர்ட்டைச் சரியாகப் படிப்பது

கம்பெனி செக்கப் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தால் எல்லோர் கண்ணும் முதலில் மொத்தக் கொலஸ்டிராலுக்குத்தான் போகிறது. 200-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. அந்த எண்ணை வைத்து மட்டும் யாரும் மாத்திரை முடிவு எடுப்பதில்லை. பார்க்க வேண்டியது எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு. அதோடு, மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பைக் கழித்து வரும் எண்ணையும் பாருங்கள். நான்-எச்.டி.எல். என்பார்கள். பல லேப்கள் அதையும் அச்சடித்தே தருகின்றன.

ஓர் உதாரணம். மொத்தம் 212, எச்.டி.எல். 36, டிரைகிளிசரைடு 240. நம் ஆண்களிடம் அடிக்கடி பார்க்கிற வகை ரிப்போர்ட் இது. டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 48. 212-இலிருந்து 36-ஐயும் 48-ஐயும் கழித்தால் எல்.டி.எல். 128. "கொஞ்சம்தான் கூட" என்று தோன்றும். ஆனால் நான்-எச்.டி.எல். 176. ரத்தக்குழாய்ச் சுவரில் போய்ப் படியக்கூடிய எல்லா வகைக் கொழுப்பும் அதில் அடக்கம் என்பதால், டிரைகிளிசரைடு கூடியவர்களுக்கு அந்த எண்தான் உண்மை நிலவரத்தைச் சொல்லும். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கழித்தல் கணக்கே செல்லாது. எல்.டி.எல்.-ஐ நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்து ரிப்போர்ட்டின் வலது ஓரத்தைப் பாருங்கள். அங்கே ஒரே அளவுகோலைத்தான் எல்லோருக்கும் அச்சடித்திருப்பார்கள். ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு எல்.டி.எல். 98 என்று வருகிறது. பக்கத்தில் தடித்த எழுத்தும் இல்லை, கூடுதல் என்ற அடையாளமும் இல்லை. அவர் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துவிடுகிறார். ஆனால் இந்திய இருதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி அவருக்கான இலக்கு 55-க்குக் கீழே. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே. மற்ற எல்லோருக்கும் 100-க்குக் கீழே. லேபுக்கு உங்கள் நெஞ்சில் ஸ்டென்ட் இருப்பது தெரியாது. "என் இலக்கு எவ்வளவு டாக்டர்?" என்று கேட்டு, அந்த எண்ணை ரிப்போர்ட்டின் மேலேயே பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

வெறும் வயிற்றில்தான் ரத்தம் கொடுக்க வேண்டுமா என்றால், பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. டிரைகிளிசரைடு ரொம்ப அதிகமாக வந்தால் மட்டும் மறுபடி வெறும் வயிற்றில் பார்ப்பார்கள்.

லிப்போபுரோட்டீன் ஏ என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும். பரம்பரையாக வருவது. 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆபத்து கூடுகிறது. அப்பாவோ அண்ணனோ 55 வயதுக்குள் மாரடைப்பு கண்டிருந்தால் இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எனக்கு மாத்திரை தேவையா?

சிலருக்கு இதில் யோசிக்கவே இடமில்லை. மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவர், ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்தவர் எல்லோருக்கும் மாத்திரை உண்டு. எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்தால் அது பரம்பரைக் கொழுப்பாக இருக்கலாம். சாப்பாட்டால் மட்டும் இறங்காது, மாத்திரை வேண்டும். நாற்பதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளுக்கும் கிட்டத்தட்ட எப்போதும் உண்டு.

குழப்பம் மீதிப் பேருக்குத்தான். 45 வயது, எல்.டி.எல். 140, நெஞ்சில் எந்தத் தொந்தரவும் இல்லை. இவரைப் போன்றவர்களுக்கு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. சிகரெட் உண்டா, பிரஷர் எவ்வளவு, இடுப்பளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டதா, குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் வந்தது, சிறுநீரகம் எப்படி என்று எல்லாவற்றையும் சேர்த்து எடை போட வேண்டும். அப்படியும் இழுபறியாக இருந்தால் இதயக் குழாய்களில் படிந்த கால்சியத்தை அளக்கும் கால்சியம் ஸ்கோர் என்ற சி.டி. ஸ்கேன் உதவும். ஸ்கோர் பூஜ்யம் என்றால், சர்க்கரையும் சிகரெட்டும் வலுவான குடும்ப வரலாறும் இல்லாதவர்கள் கொஞ்ச காலம் பொறுத்திருக்கலாம். 100-ஐத் தாண்டினால் தொடங்கிவிடுவதே நல்லது.

நோய் வராத ஆணுக்கு மாத்திரையால் உண்மையில் எவ்வளவு பலன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 1995-இல் மேற்கு ஸ்காட்லாந்தில் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. அதில் கலந்துகொண்ட 6,595 பேரும் ஆண்கள், 45 முதல் 64 வயதுக்காரர்கள், கொழுப்பு அதிகம், ஆனால் மாரடைப்பு வராதவர்கள். பாதிப் பேருக்கு பிராவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை 40 மில்லிகிராம், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. சுமார் ஐந்து ஆண்டு முடிவில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 7.9 சதவீதம் பேருக்கு மாரடைப்போ இதயநோய் மரணமோ வந்தது. மருந்து எடுத்தவர்களில் 5.5 சதவீதம். ஒரு பக்கம் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இன்னொரு பக்கம், நூறு பேர் ஐந்து ஆண்டு சாப்பிட்டு இரண்டு, மூன்று பேர் தப்பியிருக்கிறார்கள். இரண்டும் உண்மைதான். ஐந்தாண்டுக் கணக்கு சின்னதாகத் தெரிந்தாலும், அதே ஆண்களை இருபது ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தபோதும் பலன் நீடித்தது. ஆபத்து எவ்வளவு பெரிதோ அவ்வளவு பலன். அதனால்தான் உங்கள் மொத்த ஆபத்து என்ன என்று முதலில் கேட்கச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: தொடங்கும் முன்

தைராய்டு டெஸ்ட் கட்டாயம் பாருங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலே எல்.டி.எல். ஏறும். அப்படி இருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். கூடவே கல்லீரல் என்சைம், மூன்று மாதச் சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின். ஃபேட்டி லிவர் இருப்பதால் ஸ்டாட்டின் (கொழுப்பு மாத்திரை வகையின் பெயர்) கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண ஃபேட்டி லிவர் தடையே இல்லை.

இப்போது எடுக்கும் எல்லா மருந்தையும், ஊரிலிருந்து வரும் சூரணம், லேகியம், ஆன்லைனில் வாங்கும் கேப்சூல் உட்பட, ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். ரெட் ஈஸ்ட் ரைஸ் என்று விற்கும் 'இயற்கை' கேப்சூலில் இருப்பதே லோவாஸ்டாட்டின்தான். அதையும் எடுத்து மாத்திரையும் எடுத்தால் இரட்டை மருந்தாகிவிடும்.

நான்காம் படி: எந்த மாத்திரை, எவ்வளவு?

நம் உடம்பில் கொலஸ்டிராலைச் செய்யும் முக்கிய உறுப்புகளில் ஒன்று கல்லீரல். ஸ்டாட்டின் அந்த வேலைக்குத் தேவையான என்சைமைத் தடுக்கிறது. கல்லீரல் தன் தேவைக்காக ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ இழுத்துக்கொள்ள ஆரம்பிக்கிறது. ரத்தத்தில் அளவு இறங்குகிறது. 1970-களில் ஜப்பானில் அகிரா எண்டோ ஒரு பூஞ்சணத்திலிருந்து இந்த வகையின் முதல் மருந்தைப் பிரித்தெடுத்தார். 1987-இல் அமெரிக்காவில் முதல் ஸ்டாட்டின் விற்பனைக்கு வந்தது. இத்தனை காலம், இத்தனை பேரிடம் சோதிக்கப்பட்ட மருந்துகள் குறைவு.

நம் கடைகளில் ஓடுவது இரண்டுதான்: அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின். அட்டோர்வா 10, 20 அல்லது ரோசுவா 5, 10 என்றால் எல்.டி.எல். 30 முதல் 50 சதவீதம் வரை இறங்கும். அட்டோர்வா 40, 80 அல்லது ரோசுவா 20 என்றால் பாதிக்கு மேல். ஆசியர்களின் ரத்தத்தில் ரோசுவா அளவு கூடுதலாக ஏறும் என்பதால் சிறிய அளவில் தொடங்குவது வழக்கம்.

டோஸை இரட்டிப்பாக்கினால் பலனும் இரட்டிப்பாகாது. ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஆறு சதவீதம்தான் கூடுதலாக இறங்கும். 150 இருந்தவருக்கு அட்டோர்வா 20-இல் சுமார் 90 ஆகிறது என்று வையுங்கள். 40 ஆக்கினால் 80-க்குப் பக்கத்தில் வரும். அதற்குப் பதில் அதே 20-உடன் எஸெடிமைப் 10 மில்லிகிராம் சேர்த்தால், இருப்பதில் இன்னும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 72 ஆகும். எஸெடிமைப் குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பது, வேலை செய்யும் இடமே வேறு. அதனால் டாக்டர் இரண்டாவது மாத்திரை எழுதினால் நோய் முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

இரண்டும் போதாதவர்களுக்கு பெம்பெடோயிக் ஆசிட் மாத்திரையும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகளும், தொடக்க டோஸ்களுக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் இன்க்ளிசிரான் ஊசியும் இருக்கின்றன. ஊசிகள் விலை அதிகம். ஸ்டாட்டின் அப்படியில்லை, ஜன் ஔஷதி கடைகளில் மிகக் குறைந்த விலைக்கே கிடைக்கும். விலைக்காக நிறுத்தும் நிலை வந்தால் நிறுத்துவதற்கு முன் டாக்டரிடமோ கடைக்காரரிடமோ வாய் திறந்து சொல்லுங்கள். வழி இருக்கிறது.

மாத்திரை அட்டையின் பெயரைக் கவனியுங்கள். பெயருக்குப் பின்னால் 'எஃப்', 'கோல்ட்' போன்ற ஒட்டு இருந்தால் உள்ளே வேறு மருந்தும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். 'எஃப்' என்றால் பெரும்பாலும் டிரைகிளிசரைடுக்கான ஃபெனோஃபைப்ரேட். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சேர்ந்த கேப்சூல்கள் நிறைய ஓடுகின்றன. அவை ஸ்டென்ட் வைத்தவர் போன்றவர்களுக்கானவை. பக்கத்து வீட்டுக்காரர் அதைச் சாப்பிடுகிறார் என்று நீங்களும் வாங்கினால், தேவையில்லாமல் ரத்தக்கசிவு ஆபத்தை விலைக்கு வாங்குகிறீர்கள். மாரடைப்பே வராதவருக்கு ஆஸ்பிரின் வழக்கமாகத் தருவதில்லை.

ஐந்தாம் படி: தினமும் எடுப்பது

அட்டோர்வாவும் ரோசுவாவும் எந்த நேரத்திலும் எடுக்கலாம், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சரி. சிம்வாஸ்டாட்டின் மட்டும் இரவில். இரவு ஷிப்டுக்காரர்கள் வீடு திரும்பிப் பல் தேய்க்கும் நேரத்தோடு சேர்த்துவிடுங்கள். ஒரு நாள் மறந்தால் மறுநாள் ஒன்றே ஒன்று போதும், இரண்டாகப் போடாதீர்கள்.

அட்டையை வெட்டி நாலு, ஐந்து என்று வாங்குவதைத் தவிருங்கள். மருந்தின் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடும். பத்து மாத்திரை அட்டை என்றால் மாதத்துக்கு மூன்று. பதினைந்து என்றால் இரண்டு. பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போதுதான் பலருக்கு இடைவெளி விழுகிறது. பெட்டி கட்டும்போதே ஓர் அட்டை கூடுதலாக வையுங்கள்.

ஆன்டிபயாட்டிக் எழுதும் எந்த டாக்டரிடமும் ஸ்டாட்டின் எடுப்பதைச் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், பூஞ்சைக்கான இட்ராகொனசோல் ஆகியவை அட்டோர்வா, சிம்வா அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கிரேப்ஃப்ரூட் ஜூஸும் அப்படியே. தேவனஹள்ளி சகோதாவும் (பப்ளிமாஸ்) அதே பழக் குடும்பம்தான். சீசனில் தினமும் சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்று அமிலத்துக்கான ஜெல்லை ரோசுவாவுடன் சேர்த்துக் குடிக்காமல் இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

ஆறாம் படி: மறு டெஸ்ட்

தொடங்கிய நான்கு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு டெஸ்ட். இலக்குக்கு வந்தால் அதே டோஸில் தொடர்ந்து, பிறகு ஆறு மாதம் அல்லது ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். வரவில்லை என்றால் டாக்டர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "தினமும் எடுத்தீர்களா?" என்பதுதான். விட்டிருந்தால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தேவையில்லாமல் டோஸ் ஏறும்.

ஏழாம் படி: உடம்பு வலித்தால்?

நிறுத்துவதற்கு மக்கள் சொல்லும் இரண்டாவது காரணம் இது. ஸ்டாட்டினால் தசைவலி வருமா என்றால், சிலருக்கு வரும். தொடங்கிய முதல் சில மாதங்களில், இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு தோளிலும் சேர்ந்து வலித்தால் சந்தேகப்படலாம். ஒரே ஒரு முழங்கால் வலித்தால் அது மாத்திரையாக இருக்க வாய்ப்பு குறைவு.

பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரை வைத்து லண்டனில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. ஓராண்டில் நான்கு மாதம் ஸ்டாட்டின், நான்கு மாதம் அச்சு அசலாக அதே போல வெற்று மாத்திரை, நான்கு மாதம் எதுவுமில்லை. எந்த மாதம் எந்த மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் வலியை போனில் பதிவு செய்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் வந்தது. தங்கள் பதிவை அவர்களுக்கே காட்டியபோது பாதிப் பேர் மறுபடி மாத்திரையைத் தொடங்கினார்கள். அந்த வலி பொய் என்று நான் சொல்லவில்லை. வலி உண்மை, காரணம் பெரும்பாலும் மருந்து அல்ல என்பதுதான் செய்தி.

எனவே வலித்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு சகிக்கவும் வேண்டாம். டாக்டரிடம் போங்கள். சி.கே. என்ற தசை என்சைம், தைராய்டு, வைட்டமின் டி பார்ப்பார். சில வாரம் நிறுத்திப் பார்த்து, குறைந்த டோஸிலோ வேறு ஸ்டாட்டினிலோ மறுபடி தொடங்குவார். ரோசுவாவை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பதும் ஒரு வழி. பெரும்பாலானோருக்கு ஏதாவது ஒன்று ஒத்துப்போகும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்: கடுமையான தசைவலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால். மிக மிக அரிது, ஆனால் சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடியது.

சர்க்கரை? எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு ஸ்டாட்டின் கொஞ்சம் ஏற்றும் என்பது உண்மைதான். மாரடைப்பைத் தடுக்கும் பலன் அதைவிடப் பெரிது. சர்க்கரையைத் தனியாகக் கவனித்துக்கொள்ளலாம்.

ஆண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. கடையில் கூட்டம் குறையும் வரை நின்று கேட்பார்கள். ஸ்டாட்டின் ஆண்மையைக் கெடுக்கும் என்று ஆய்வுகளில் தெரியவில்லை. ஆனால் விறைப்புக் குறைபாடே சில சமயம் ரத்தக்குழாய் அடைப்பின் முன் அறிகுறியாக இருக்கும். இதயத்தின் குழாயைவிட அங்கே உள்ள குழாய் சின்னது என்பதால் முதலில் அங்கே தெரியலாம். அந்தத் தொந்தரவு இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் இதயத்தையும் சேர்த்துப் பார்ப்பார்.

சாப்பாடு

நெய் ரோஸ்டைத் தினமும் சாப்பிடாதீர்கள், பேக்கரி பஃப்ஸைக் குறையுங்கள், பாமாயில், வனஸ்பதி வேண்டாம், சிகரெட்டை அறவே விடுங்கள், தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். மருந்து எடுக்கிறோமே என்று இவற்றைக் கைவிட வேண்டாம். டிரைகிளிசரைடு கூடியவர்களுக்கு எண்ணெயைவிட வெள்ளைச் சாதமும் இனிப்பும் மதுவும்தான் பெரிய எதிரிகள்.

வீட்டில் மற்றவர்கள்

உங்கள் எல்.டி.எல். 190-க்கு மேல், அல்லது லிப்போபுரோட்டீன் ஏ அதிகம், அல்லது 55 வயதுக்குள் மாரடைப்பு வந்தது என்றால் தம்பி, தங்கை, பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். பரம்பரைக் கொழுப்பு பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. குதிகால் தசைநாண் தடித்திருப்பதும், 45 வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிவதும் அதன் அடையாளங்கள். பரம்பரைக் கொழுப்பு உள்ள வீட்டில் பிள்ளைகளுக்குப் பத்து வயது வாக்கிலேயே பார்த்துவிடலாம், மற்ற வீடுகளில் பதினெட்டு ஆனதும். ஊரில் இருக்கிற அண்ணன், தம்பிக்கு உங்கள் ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து அனுப்பி, அவர்களையும் பக்கத்து லேபுக்குப் போகச் சொல்லுங்கள்.